முன் சீட்டில் யார் உட்காருவது

தம்பி,

நேற்றும் நீ போனை வைத்துவிட்டாய். "மா, காடி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்றாய். குருபோங்கில் உன் வீட்டுக்கும் நீ வேலை செய்யும் தொழிற்சாலைக்கும் நடுவில் ரெண்டு சிக்னல்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வாரமாக நான் எப்போது கூப்பிட்டாலும் நீ காடி ஓட்டிக்கொண்டே இருக்கிறாய். இத்தனை தூரம் ஓட்டியவன் இந்நேரம் தாய்லாந்து போய்த் திரும்பியிருக்கலாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறவளை நடுவில் நிறுத்த உன்னால் முடியாது. இதை வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை, என்னைப் போல மகனைப் பெற்றவர்கள் படித்தால் நல்லதுதான். உன் மானத்தைக் காப்பாற்ற உன் பெயரை மட்டும் எழுதாமல் விடுகிறேன். அதற்கு மேல் என்னிடம் சலுகை எதிர்பார்க்காதே.

நடந்ததை நீ ஊரெல்லாம் ஒரு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நியாலாஸில் தர்ஷினியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். காலையில் நீங்கள் ரெண்டு பேரும் சிம்பாங் அம்பாட்டில் நம் வீட்டுக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டீர்கள். உன் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "தர்ஷினி, பின்னாடி போயிடு, அம்மா முன்னாடி உட்காரட்டும்" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு பின்னால் உட்கார்ந்து வந்தாள். அதில் ஒன்றும் குறையில்லை. சாப்பாடு முடிந்து கிளம்பும்போதுதான் வினை. மண்டப வாசலில் அவளுடைய அம்மா, சித்தப்பா, சொந்தக்காரர்கள் எல்லாரும் வழியனுப்ப நின்றார்கள். அவள் முன் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடியை இறக்கி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நீ சாவியை ஆட்டிக்கொண்டே வந்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "என்ன நீ, அம்மா நிக்கிறாங்க, கண்ணு தெரியல? எறங்கு லா" என்றாய்.

அவளுடைய சித்தப்பா தலை குனிந்துகொண்டார். அவள் அம்மா கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தர்ஷினி பெல்ட்டைக் கழற்றி இறங்கி, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏறி உட்கார்ந்தேன். தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்துக் கதவை மெதுவாகச் சாத்தினாள். பின் கதவை அவள் திறக்கவில்லை. "நீங்க போங்க மாமி. நான் அம்மா வீட்ல இருந்துட்டு வர்றேன்" என்றாள். நீ அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எண்ணெயை மிதித்துக் காடியைக் கிளப்பினாய்.

அன்றிலிருந்து உனக்கு ஒரே பாட்டு. சீட்டுக்காகப் புருசனை விட்டுப் போனவளாம். அம்மாவுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவளாம். போனவள் தானே வரட்டுமாம். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மரியாதை என்ற பெயரில் என்னைக் கொண்டுபோய் உன் ரோஷத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறாய், நான் என்ன உன் வீட்டு மறைப்புத் தட்டியா? போன வாரம் அப்பாவுக்குப் போன் செய்து, மாதக் கடைசியில் குருபோங் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாமான்களோடு உன் பழைய அறைக்கே வந்துவிடுவதாகச் சொன்னாயாம். அப்பா "வரட்டும்" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கப் போய்விட்டார். நான் இன்னும் வரட்டும் என்று சொல்லவில்லை.

அந்தப் படம் உனக்கு நினைவிருக்கிறதா? மலாக்கா டவுனில் மூடப்போகிற ஒரு வீடியோ கடையில் தர்ஷினி பொறுக்கி எடுத்து வந்த டிஸ்க்குகளில் ஒன்று. உங்கள் வீட்டில் எல்லாம் போனிலேயே ஓடுகிறது, டிஸ்க் போட மிஷின் இல்லை. உன் அப்பா பழைய பாட்டு கேட்பதற்காக வைத்திருந்த மிஷின் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இங்கே வருவாள். மிஷின் டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டதும் "மாமி, வாங்க வாங்க" என்று கூப்பிடுவாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவேன். உன்னைப் பெற்று வளர்த்த இத்தனை வருசத்தில் என்னை ஒரு படம் பார்க்க நீ கூப்பிட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அது வெள்ளைக்காரர்கள் எடுத்த பழைய படம். கீழே மலாயில் எழுத்து ஓடியது, தோட்டத்துப் பள்ளியில் படித்த மலாய் எனக்கு அதற்குப் போதும். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு பழைய காடி. மனைவியின் தங்கை கல்யாணத்துக்கு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் பிரிந்துவிடுவதென்று கிளம்பும்போதே ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. வழியெல்லாம் சண்டை. அவள் மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு வலது பக்கம் என்றால் அவன் இடது பக்கம் போவான். சேற்றில் மாட்டிக்கொள்வார்கள். அவித்த முட்டையை ஒரே பையிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே திட்டிக்கொள்வார்கள். நடுவில் என்னவோ நினைவு வந்து ரெண்டு பேரும் சிரித்துவிடுவார்கள், பிறகு மறுபடி ஆரம்பிப்பார்கள். "இவன் ஏன் கியர மாத்தாமலே ஏத்தத்துல ஏறுறான்? எஞ்சின் போயிரும்" என்று உன் அப்பா படம் முழுக்க அந்த எஞ்சினுக்காக வருத்தப்பட்டார். செம்பனைக் குலை லாரி ஓட்டியவர், வேறு எதைப் பார்ப்பார்? நீ போனிலிருந்து தலையைத் தூக்கி, "சண்ட பாக்க டிஸ்க் வாங்கணுமா? நம்ம தாமான்ல எந்த வீட்லயும் சும்மாவே பாக்கலாமே" என்றாய். தர்ஷினி உன்மேல் தலையணையை எறிந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் பொறுக்க முடியாமல் ஒரு முச்சந்தியில் பெட்டியோடு இறங்கிவிடுகிறாள். அவன் போய்விடுகிறான். வெறும் ரோட்டில் அவள் பஸ்ஸுக்காக நிற்பதை ரொம்ப நேரம் காட்டினார்கள். பிறகு அந்தக் காடி அத்தனை தூரமும் பின்பக்கமாகவே வந்து அவள் முன்னால் நின்றது. அவன் உள்ளேயிருந்தபடியே எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறான். அவள் ஏறவில்லை. "முதலில் என்னைக் கேள்" என்கிறாள். அவன் கேட்கிறான். அவள் ஏறிக்கொள்கிறாள். அதோடு படம் முடிந்துவிட்டது. அவர்கள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா, பிரிந்தார்களா, ஒன்றும் சொல்லவில்லை. "இவ்ளோதானா? கல்யாணத்தக் காட்டவே இல்லியே" என்றேன் நான். தர்ஷினி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் கேட்டான்ல மாமி, அது போதும்" என்றாள். கதவைத் திறந்துவிட்டதற்கு ஒரு அழுகையா, ரொம்ப இளகின மனசு இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டு நான் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், எழுந்து போகாதே. நான் கல்யாணமாகித் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவிடம் ஒரு ஓட்டை வேன் இருந்தது. உன் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவர், எங்களோடுதான் இருந்தார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும், அதனால் முன் சீட்டு அவருடையது. புதுப்பெண் நான், பின்னால் ஏறினேன். என்னை யாரும் விரட்டவில்லை, நானும் வருத்தப்படவில்லை. பிறகு நீ பிறந்தாய். கொஞ்சம் வளர்ந்ததும் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுத்தாய், அத்தை உன்னை மடியில் வைத்துக்கொண்டார். அத்தை காலமானதும் அந்த இடம் உனக்கு வந்தது. பள்ளி முடித்து நீ வேலைக்குப் போனாய். வேன் போய் காடி வந்தது. முன் சீட்டில் அப்பாவின் டூல் பெட்டி, குடை, அழுக்குத் துணி, பழைய பேப்பர் எல்லாம் ஏறிக்கொண்டன. அப்போதும் நான் பின் கதவைத்தான் திறந்தேன். காடியில் நாங்கள் ரெண்டே பேர் இருக்கும்போதுகூட நான் பின்னால், அவர் முன்னால், அவருக்குப் பக்கத்தில் டூல் பெட்டி. உன் அப்பாவின் பிடரியை எனக்குத் தெரிகிற அளவுக்கு அவர் முகம் எனக்குத் தெரியாது.

அலோர் காஜா போகிற வழியில் ரோட்டைத் தடுத்துச் சோதனை செய்தார்களே, அந்தக் கதையை நீயே எத்தனை விருந்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அந்த அதிகாரி பையன் குனிந்து உள்ளே பார்த்து, "பாக்சிக், தெக்சி சாப்புவா?" என்று அப்பாவைக் கேட்டான். உரிமம் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றுகிற வண்டி என்று நினைத்துவிட்டான். அப்பா பதறிப்போய் "இஸ்த்ரி சாயா, இஸ்த்ரி சாயா" என்று என்னைக் கைகாட்டினார். அவன் என்னைப் பார்த்தான், முன்னால் இருந்த டூல் பெட்டியைப் பார்த்தான். மனைவி என்றால் ஏன் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டான். அவனே சிரித்து அனுப்பிவிட்டான். நாமும் சிரித்தோம். அவன் கேட்டது நல்ல கேள்விதானே என்று நம் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். உனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை தம்பி. நீ முன் சீட்டிலிருந்தே வளர்ந்தாய். பின்னால் இருப்பது யார், அவள் எந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று திரும்பிப் பார்க்கிற அவசியம் உனக்கு வந்ததே இல்லை.

தர்ஷினி போன பிறகு ஒரு மத்தியானம் அந்த மிஷினைத் தட்டினேன். டிஸ்க் உள்ளேயே இருந்திருக்கிறது, படம் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை நான் சோறு வடிக்க எழுந்திருக்கவில்லை. அந்த ரெண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் அவர்களால் அப்படிச் சண்டை போட முடிகிறது. அவன் ஓரக்கண்ணால் பார்க்கிறான், அவள் வரைபடத்தால் அவன் தோளில் ஒன்று போடுகிறாள். நான் உன் அப்பாவோடு காடியில் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. பின்னாலிருந்து நான் ஏதாவது சொன்னால் அவர் "ம்" என்பார், எஞ்சின் சத்தத்தில் அதுவும் பாதிதான் கேட்கும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இப்போது நீ ஒரு "எறங்கு லா"வில் அதே மாதிரி ஒரு குடும்பத்தை ஆரம்பிக்கப் பார்க்கிறாய். அவள் என்னை மாதிரி இல்லை. அவள் இறங்கி, கதவைச் சாத்தி, நின்றுவிட்டாள்.

மறுநாள் காலை உன் அப்பாவிடம் நியாலாஸில் தர்ஷினியின் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். டூல் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். குடையை வைத்தேன். பேப்பரைக் குப்பையில் போட்டேன். முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். "ஏய், என்ன இது?" என்றார். "சீட்டு. உட்கார்றதுக்கு" என்றேன். "அந்தப் பெட்டி பின்னாடி உருளும்" என்றார். "உருளட்டும்" என்றேன். செலண்டார் தாண்டும் வரை எங்களுக்குள் ஒரே சண்டை. வேகமாகப் போகாதீர்கள் என்றேன். நீ வாய மூடிக்கிட்டு வந்தா நான் ஒழுங்கா ஓட்டுவேன் என்றார். லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றேன். லாரிய பத்தி எனக்குச் சொல்றியா என்றார். அப்போதுதான் கவனித்தேன். வழிப்பலகை வரும்போதெல்லாம் அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். "அந்தக் கண்ணு தெரியலயா?" என்று கேட்டேன். வேகத்தைக் குறைத்தார். "எத்தன நாளா?" என்றேன். "அது கெடக்குது, ரொம்ப நாளா" என்றார். ரொம்ப நாளாம்! பின் சீட்டிலிருந்து பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? ரோட்டோரம் நிறுத்தச் சொல்லி அழுதேன், பிறகு திட்டினேன். திங்கட்கிழமை கண் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். பஸ்ஸில்தான்.

தர்ஷினி எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். சம்பந்தி குடிக்கத் தண்ணி கலக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்கு என்மேல் கோபம், அது நியாயம்தான். தர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மாமி, சீட்டு எனக்குப் பெரிசில்ல. காலைல நானே எறங்குனேன்ல? அவரு வந்து, தர்ஷ், அம்மாக்குக் கால் வலிக்கும், கொஞ்சம் மாறிக்கிறியான்னு கேட்டிருந்தா நான் டிக்கியில கூட உட்கார்ந்து வந்திருப்பேன். எங்க ஆளுங்க அத்தன பேரு முன்னாடி, எறங்கு லாவா? நாய விரட்ற மாதிரி?" பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் ஒண்ணும் சொல்லல மாமி. ஏறி உட்கார்ந்துட்டீங்க." இருபது முப்பது வருசம் பின்னால் உட்கார்ந்தவளுக்கு முன் சீட்டு கிடைத்ததும் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் கூப்பிட்டிருந்தால் அவள் எங்களோடு வந்திருப்பாள். கண்ணைக் கசக்கி, "எனக்காக வாம்மா" என்றிருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள், அப்படிப்பட்ட பெண்தான். நீயும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை. உன் வாயால் கேட்க வேண்டியதை நான் போய்க் கேட்டால், நாளைக்கும் நீ எறங்கு என்பாய், நான் போய்க் கூட்டி வருவேன். இன்னும் கொஞ்ச காலத்தில் அவள் பேச்சை விட்டுவிடுவாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வரப் பழகிவிடுவாள். சண்டை இல்லாத நல்ல குடும்பம் என்று எல்லாரும் சொல்வார்கள். என்னையும் உன் அப்பாவையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கிளம்பும்போது நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டுக்கு வெளியே சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டு நின்றேன். உன் அப்பா முன்னாலேயே போய் ஏறிவிட்டார். நான் வந்தபோது கை தன் போக்கில் பின் கதவுக்குப் போனது, அவ்வளவு பழக்கம். அதற்குள் அவர் உள்ளேயிருந்தபடியே எட்டி, முன் கதவைத் திறந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "வர்றியா?" என்றார். வாசலில் நின்ற தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். படத்தின் எஞ்சினுக்காக வருத்தப்பட்ட மனுசன் கடைசிக் காட்சியையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அலோர் காஜா வருவதற்குள் மறுபடி வேகத்தைப் பற்றிச் சண்டை போட்டோம்.

உன் அப்பாவுக்கே இந்த வயதில் கேட்க வருகிறது, உனக்கு என்ன வந்தது? நியாலாஸ் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. போய் அந்த வீட்டு வாசலில் நில். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதை வாங்கிக்கொள். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேள். அம்மா சொல்லி வந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்படிச் சொன்னால் திருப்பி அனுப்பு என்று நானே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிறாயா என்று கேள். அவள் வரமாட்டேன் என்றால், மறுநாளும் போய்க் கேள். எனக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் நீ செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

உன் பழைய அறையில் இப்போது அப்பாவின் டூல் பெட்டி இருக்கிறது. பக்கத்தில் குடையும் அழுக்குத் துணியும் இருக்கின்றன. அங்கே உனக்கு இடம் இல்லை. மாதக் கடைசியில் சாமான்களை அடுக்கி, முன் சீட்டில் ஒரு பெட்டியை உட்கார வைத்து பெல்ட் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து ஹாரன் அடிக்காதே. நான் கேட்டைத் திறக்க மாட்டேன். முன் சீட்டு ஆள் உட்காருகிற இடம்.

அம்மா